இழுக்கும் பம்பும் தள்ளும் பம்பும்

சித்திரை வெயில். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு ஒரு பழைய பிரீமியர் பத்மினி போகிறது. ஐம்பது கிலோமீட்டருக்குள் சாலை ஏறத்தாழ 400 மீட்டர் உயர்ந்துவிடும். வண்டி முக்காமல் முனகாமல் ஏறுகிறது. சூளகிரி வந்ததும் ஓட்டுநர் ஓரங்கட்டுகிறார். அவருக்கு ஒரு டீ, வண்டிக்கும் கொஞ்சம் ஓய்வு. கால்மணி நேரம் கழித்து வந்து சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் பிடிக்க மாட்டேன் என்கிறது. டாங்கியில் பெட்ரோல் உண்டு. பிளக்கில் ஸ்பார்க் உண்டு. பேட்டரியில் குறையில்லை. பக்கத்து ஒர்க்‌ஷாப்பிலிருந்து வரும் மெக்கானிக் பானட்டைத் தூக்குகிறார். வேறு எதையும் தொடாமல் ஒரு துணியை நனைத்து, எஞ்சினின் விலாவில் ஒட்டியிருக்கும் பெட்ரோல் பம்பின் மேல் போடுகிறார். “ஏர் லாக் சார், பத்து நிமிஷம் விடுங்க.” பத்து நிமிடத்தில் வண்டி கிளம்பிவிடுகிறது.

மேடேறும்போது மக்கர் பண்ணாத வண்டி, ஓய்வு கொடுத்த பிறகு ஏன் மக்கர் பண்ண வேண்டும்? பம்பை நனைத்தால் எஞ்சின் ஏன் ஓட வேண்டும்? இந்த இரண்டு கேள்விக்கும் விடை தெரிந்தால்தான், பழைய காருக்கு மின்சாரப் பெட்ரோல் பம்ப் பொருத்துகிறவர்கள் எதற்காகப் பொருத்துகிறார்கள், அதை எங்கே வைக்க வேண்டும் என்பது விளங்கும்.

வண்டியின் வயிற்றில் நடப்பது இதுதான். டாங்கி பின்னால் இருக்கிறது. கார்புரேட்டர் முன்னால், எஞ்சினின் மேல் இருக்கிறது. நடுவில் இரண்டு மூன்று மீட்டர் நீளத்துக்குச் சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத குழாய். மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில், லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் கொடுக்கும் கார், நிமிடத்துக்கு எண்பது மில்லிலிட்டர் பெட்ரோலைத்தான் குடிக்கிறது. இவ்வளவு கொஞ்சத்தைக் கொண்டுவந்து சேர்ப்பதில்தான் இத்தனை சிக்கல்.

பழைய கார்களில் இந்த வேலையைச் செய்தது எஞ்சினோடு போல்ட் போட்டு இறுக்கிய இயந்திர பம்ப். மெக்கானிக்குகள் அதை ‘ஏசி பம்ப்’ என்பார்கள். குளிரூட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஏசி என்பது அதைச் செய்த கம்பெனியின் பெயர். எஞ்சினுக்குள் சுழலும் கேம்ஷாஃப்ட் ஒரு நெம்புகோலைத் தட்டும். அது ஒரு ரப்பர் டயஃப்ரத்தைக் கீழே இழுக்கும். அப்போது பம்புக்குள் இடம் விரிந்து, பின்னாலிருந்து பெட்ரோல் உள்ளே வரும். பிறகு ஒரு ஸ்பிரிங் டயஃப்ரத்தை மேலே தள்ளும். பெட்ரோல் கார்புரேட்டருக்குப் போகும். உள்ளே வருவதற்கு ஒரு வால்வு, வெளியே போவதற்கு ஒரு வால்வு. அம்பாசிடர், பத்மினி, சென்னையை அடுத்த வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் எல்லாம் இந்தப் பம்பை நம்பி ஓடியவைதான். எஞ்சின் சுற்றினால் பம்ப் வேலை செய்யும், நின்றால் நின்றுவிடும். இந்த அடக்கத்தின் அருமையைப் பிறகு பார்ப்போம்.

இதில் கவனிக்க வேண்டியது ‘இழுக்கும்’ என்ற வேலை. கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாரூர் ஏரிப் பாசனம் எட்டாத மேட்டுக்காடுகளில் கிணற்றை நம்பி மாந்தோப்பு வைத்திருக்கும் எந்த விவசாயிக்கும் இது தெரியும். கிணற்று மேட்டில் மோட்டாரை வைத்தால், தண்ணீர் ஆறேழு மீட்டர் ஆழத்துக்குள் இருக்கும்வரை எடுக்கும். கோடையில் நீர்மட்டம் அதற்கும் கீழே போனால், எத்தனை குதிரைத்திறன் மோட்டாராக இருந்தாலும் வெறுமனே உறுமும். மோட்டாரை மாற்றிப் பயனில்லை, கிணற்றுக்குள் திட்டு கட்டி அதைக் கீழே இறக்கினால்தான் தண்ணீர் வரும். ஆழ்துளைக் கிணற்றிலோ பம்பையே தண்ணீருக்குள் மூழ்கடித்துவிடுகிறோம். அதே குதிரைத்திறன் கீழேயிருந்து நூறு மீட்டர்கூடத் தள்ளிவிடுகிறது.

இழுப்பதற்கு மட்டும் ஏன் இந்த எல்லை? 1638-இல் வெளியான தன் நூலில் கலிலியோ இதைக் குறிப்பிடுகிறார்: உறிஞ்சும் பம்பு 18 முழத்துக்கு மேல் தண்ணீரை ஏற்றுவதில்லை. தண்ணீர்த் தண்டு தன் எடை தாங்காமல் அறுந்துபோகிறது என்று அவர் நினைத்தார். அவருடைய சீடர் டாரிசெல்லி வேறு கோணத்தில் யோசித்தார். பம்பு தண்ணீரை இழுக்கவே இல்லை. பம்பு மேலே இடத்தைக் காலி செய்கிறது, கிணற்று நீரின் மேல் அழுத்திக்கொண்டிருக்கும் காற்றுதான் தண்ணீரை மேலே தள்ளுகிறது என்றார். காற்றின் பலம் தீர்ந்த உயரத்தோடு தண்ணீரும் நிற்கும். கடல் மட்டத்தில் அது பத்து மீட்டருக்குச் சற்று மேல். தண்ணீரைவிடப் பதின்மூன்று மடங்குக்கு மேல் கனமான பாதரசத்தை வைத்து 1640-களில் செய்த சோதனையில் அந்தத் தண்டு 76 சென்டிமீட்டரில் நின்றது. 1648 செப்டம்பரில் பாஸ்கல் சொல்லியனுப்பியபடி அவருடைய மைத்துனர் பெரியே, பிரான்சில் பூய் த தோம் என்ற மலைமேல் பாதரசக் குழாயைத் தூக்கிக்கொண்டு ஏறினார். உச்சியில் பாதரசம் எட்டுச் சென்டிமீட்டருக்கு மேல் இறங்கியிருந்தது. அடிவாரத்தில் ஒரு குழாயை வைத்து, நாள் முழுக்க ஒருவரைப் பார்த்துக்கொண்டிருக்கவும் சொல்லியிருந்தார். அது அசையவில்லை. ஆக, இறக்கத்துக்குக் காரணம் பருவநிலை அல்ல, உயரம்தான். இந்தக் கீழ்க்குழாய்தான் என்னைப் பொறுத்தவரை அந்தச் சோதனையின் அழகு. அதே குழாயைக் கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குக் கொண்டுபோனால் பாதரசம் மூன்று சென்டிமீட்டர் இறங்கும்.

காரில் பெட்ரோலை ஏற்ற வேண்டிய உயரம் அரை மீட்டர் இருந்தால் அதிகம். பத்து மீட்டர் எல்லைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பெட்ரோலுக்கு வேறொரு தொல்லை இருக்கிறது: அது சீக்கிரம் கொதிக்கும். அதிலும், அழுத்தத்தைக் குறைத்தால் இன்னும் சீக்கிரம் கொதிக்கும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஊசியில்லாத ஒரு பிளாஸ்டிக் சிரிஞ்சில் கால்வாசிக்கு வெந்நீரை உறிஞ்சிக்கொள்ளுங்கள்; கை பொறுக்காத சூடு போதும், கொதிக்க வேண்டியதில்லை. உள்ளே இருக்கும் காற்றை வெளியே தள்ளிவிட்டு, வாயை இறுக அடைத்துக்கொண்டு தண்டை வேகமாகப் பின்னால் இழுங்கள். தண்ணீர் குமிழி குமிழியாகக் கொதிக்கும், அடுப்பே இல்லாமல். தண்டை விட்டதும் குமிழிகள் இருந்த சுவடு தெரியாமல் மறையும். அவை காற்றுக் குமிழிகளாக இருந்திருந்தால் சுருங்கியிருக்கும், மறைந்திருக்காது. அழுத்தம் திரும்பியதும் நீராவி மறுபடி நீராகிவிட்டது. (பெட்ரோலை வைத்து இதைச் செய்து பார்க்க வேண்டாம்.)

எந்தத் திரவமும் தன் மேற்பரப்பிலிருந்து ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. அந்த ஆவி வெளியே முட்டும் பலத்துக்கு ஆவியழுத்தம் என்று பெயர். சூடு ஏற ஏற ஆவியழுத்தமும் ஏறும். அது சுற்றியுள்ள அழுத்தத்தை எட்டிப் பிடித்த கணத்தில் திரவம் கொதிக்கத் தொடங்கும். ஓசூரில் காற்றழுத்தம் குறைவு, அதனால் அங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். பெட்ரோல் ஒரே பொருள் அல்ல, நூற்றுக்கணக்கான பொருள்களின் கலவை. அதில் லேசானவை 35 டிகிரியை ஒட்டியே பிரிந்து கிளம்பும், கனமானவை 200 டிகிரிவரை தாக்குப்பிடிக்கும். ஆய்வுக்கூடத்தில் பெட்ரோலின் ஆவியழுத்தத்தை 37.8 டிகிரியில் அளக்கிறார்கள். நம் ஊர்ப் பெட்ரோலில் அது 60 கிலோபாஸ்கலை ஒட்டி இருக்கலாம். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 101. ஓசூரில் 91 அளவில். ஆக, மிச்சம் இருக்கும் தெம்பு சென்னையில் 41, ஓசூரில் 31. வெப்பம் 50 டிகிரியை எட்டினால் ஓசூரில் அந்த 31-உம் தீர்ந்துவிடும்.

எஞ்சின் மேல் இறுக்கிய பம்புக்கு 50 டிகிரியை எட்டுவது ஒரு பொருட்டே இல்லை. அது இழுக்கவும் செய்வதால், தன் பின்பக்கக் குழாயில் அழுத்தத்தைக் காற்றழுத்தத்துக்கும் கீழே இறக்குகிறது. வண்டியிலேயே அதிகச் சூடும் குறைந்த அழுத்தமும் ஒன்றுசேரும் இடம் அதுதான். பெட்ரோல் கொதிப்பதற்கென்றே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்துக் கட்டிக்கொடுத்தது மாதிரி.

கொதித்தால் என்ன, ஆவியையும் தள்ளிவிட்டுப் போகவேண்டியதுதானே என்றால், முடியாது. திரவத்தை அமுக்கினால் அது சுருங்காது; வழி தேடி வெளியே போகும். ஆவி சுருங்கிக்கொடுக்கும். டயஃப்ரம் கீழே போனால் உள்ளே இருக்கும் ஆவி விரிகிறது, மேலே வந்தால் சுருங்குகிறது. இரண்டு வால்வும் திறக்கத் தேவையில்லாமல் பம்ப் தன்னந்தனியே மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். மெக்கானிக் ‘ஏர் லாக்’ என்றது இதைத்தான். அடைத்தது வெளிக்காற்று அல்ல, பெட்ரோலின் சொந்த ஆவியேதான். ஆவியடைப்பு என்று சொல்லலாம்.

இனி டீக்கடைப் புதிரை அவிழ்ப்பது எளிது. வண்டி ஓடும்போது ரேடியேட்டர் காற்று பம்பின் மேல் அடிக்கிறது. டாங்கியிலிருந்து வரும் குளிர்ந்த பெட்ரோலும் உள்ளே பாய்ந்துகொண்டே பம்பைக் குளிர்விக்கிறது. எஞ்சினை அணைத்ததும் காற்றும் நின்றது, பெட்ரோலும் நின்றது, ரேடியேட்டர் தண்ணீரின் ஓட்டமும் நின்றது. ஆனால் 90 டிகிரி சூட்டிலிருக்கும் இரும்புக் கட்டி உடனே ஆறுவதில்லை. மூடிய பானட்டுக்குள் அது தன் சூட்டைப் பம்புக்கும் கார்புரேட்டருக்கும் பகிர்ந்து கொடுக்கிறது. அணைத்த பிறகு கால்மணி நேரத்துக்கு அவற்றின் வெப்பம் ஏறத்தான் செய்யும், இறங்காது. பம்பின் மேலும் குழாயின் மேலும் சூட்டை அளக்கும் வெப்பமின்னிரட்டைகளை ஒட்டிப் பொறியாளர்கள் அளந்து பார்த்த எளிய உண்மை இது. நீங்கள் டீயை முடிக்கும் நேரம்தான் பம்ப் உச்சச் சூட்டில் இருக்கும் நேரம். ஒன்று, அணைக்காமல் போயிருக்க வேண்டும். இல்லையென்றால், டீயோடு சாப்பாட்டையும் முடித்துவிட்டு வந்திருக்க வேண்டும்.

மெக்கானிக்கின் ஈரத்துணி நாட்டு வைத்தியம்தான், ஆனால் சரியான வைத்தியம். நீர் ஆவியாகும்போது பம்பிலிருந்து பெரும் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டு போகிறது. ஆவியடைப்பு எங்கே நிகழ்கிறதோ, சரியாக அங்கேயே கைவைக்கிறது.

கிணற்றில் செய்ததைக் காரில் செய்தால் இந்த வைத்தியம் தேவைப்படாது. பம்பைக் கீழே, பெட்ரோலுக்குப் பக்கத்தில் இறக்கிவிட வேண்டும். எஞ்சினை விட்டு நகர்ந்துவிட்டால் கேம்ஷாஃப்ட் கிடைக்காது, சுற்றுவதற்கு வேறு சக்தி வேண்டும். மின்சாரம் வருவது இதற்காகத்தான். பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்: மின்சாரப் பம்ப் நவீனமானது, பலமானது, அதனால் நல்லது என்று. குணப்படுத்துவது இடம், மின்சாரம் அந்த இடத்துக்குப் போக உதவும் வண்டி.

இதற்குச் சாட்சி மோரிஸ் மைனர். 1948-இல் வந்த அந்தக் காரில் ஆரம்பத்திலிருந்தே எஸ்யு கம்பெனியின் மின்சாரப் பம்ப்தான். சாவியைத் திருப்பியதும் டிக் டிக் என்று அடித்து, கார்புரேட்டர் நிறைந்ததும் அடங்கிவிடும். ஆனால் அதை வைத்தது பானட்டுக்குள், எஞ்சினுக்குப் பின்சுவரில். அங்கிருந்து அதுவும் இழுக்கும் பம்ப்தான். சூட்டில் அதற்கும் தொல்லை உண்டு. அதே எஸ்யு கம்பெனி, டாங்கிக்குப் பக்கத்தில் பொருத்துவதற்கென்று அதிக அழுத்தம் தரும் இன்னொரு வகைப் பம்பையும் செய்தது. இரண்டும் மின்சாரம்தான். இரண்டாவது மட்டும் தள்ளும்.

விமானக்காரர்களுக்கு இந்தப் பாடம் கட்டாயமாக வாய்த்தது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைந்து, டாங்கியிலேயே பெட்ரோல் நுரைக்கும். அதனால் இரண்டாம் உலகப் போர்க்கால விமானங்களில் டாங்கியின் அடியிலேயே மின்சாரப் பம்புகளை மூழ்க வைத்தார்கள்.

நம் பகுதியில் இந்த வரலாறு முழுவதையும் ஓசூரின் வாசலிலேயே பார்த்துவிடலாம். 1980-இல் அங்கிருந்து வெளிவந்த டிவிஎஸ் 50-இல் பம்பே கிடையாது. டாங்கி மேலே, கார்புரேட்டர் கீழே, நடுவில் ஒரு டேப். புவியீர்ப்பு மீதியைப் பார்த்துக்கொள்ளும். (ஃபோர்டின் மாடல் டி காரும் இப்படித்தான். செங்குத்தான மேட்டில் டாங்கி தாழ்ந்து பெட்ரோல் வராமல் போகும் என்பதால், அந்தக் காலத்தில் அதை ரிவர்ஸ் கியரில் மேடேற்றினார்கள்.) பிஎஸ்-6 புகைக் கட்டுப்பாட்டு விதிகள் 2020 ஏப்ரலில் வந்தபோது, டிவிஎஸ் எக்ஸ்எல் 100-உம் ஃபியூயல் இஞ்செக்‌ஷனுக்கு மாறியது. இஞ்செக்‌ஷனுக்கு அழுத்தம் வேண்டும், அழுத்தத்துக்கு மின்சாரப் பம்ப் வேண்டும். இப்போது எந்த இஞ்செக்‌ஷன் பைக்கிலும் சாவியைத் திருப்பியதும் ஓரிரு விநாடி ‘ஙீ’ என்று கேட்கிறதே, அது பெட்ரோலுக்குள் மூழ்கியிருக்கும் பம்பின் சத்தம். பாரூர் இருக்கும் போச்சம்பள்ளி வட்டாரத்திலோ, பெட்ரோலே தேவையில்லாத மின்சார ஸ்கூட்டர்களைத் தயாரிக்கிறார்கள். பம்புக்கு அங்கே வேலையே இல்லை.

பெட்ரோலுக்குள் ஒரு மின்மோட்டார் பொறி பறக்கச் சுற்றுகிறது என்றால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். ஆனால் பெட்ரோல் தீப்பிடிக்க அதன் ஆவி காற்றில் சுமார் ஒன்றரை முதல் ஏழரை விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். மூடிய டாங்கியின் காலி இடத்தில் ஆவி முப்பது, நாற்பது விழுக்காடு நிரம்பியிருக்கும். எரிவதற்குப் போதுமான ஆக்சிஜன் அங்கே இல்லை. மூழ்கிய மோட்டாருக்குள்ளோ காற்றே இல்லை. ஆபத்து டாங்கிக்குள் இருப்பதைவிட, ஒழுகி வெளியே வந்த பெட்ரோலில்தான் அதிகம்.

பழைய காரில் பொருத்துகிறவர்கள் தடுமாறும் இடமும் அதுதான். பம்பை டிக்கிக்கு அடியில், டாங்கி மட்டத்துக்குத் தாழ்வாக, சைலென்சர் குழாயிலிருந்து எட்ட வைக்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரு ஃபில்டர். பெட்ரோல் தானாகவே அதற்குள் இறங்கி வரவேண்டும். அழுத்தத்தில் ஏமாந்துவிடக் கூடாது. கார்புரேட்டருக்குத் தேவை 2 முதல் 4 பிஎஸ்ஐ. இஞ்செக்‌ஷன் காரின் பம்ப் தருவது 40 பிஎஸ்ஐக்கு மேல். பழைய இரும்புக் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை வாங்கிப் போட்டால், கார்புரேட்டர் கிண்ணத்தின் மிதவை தாங்காது. நீடில் வால்வைத் தள்ளிக்கொண்டு பெட்ரோல் சூடான எஞ்சின் மேல் வழியும். குறைந்த அழுத்தப் பம்பையே கேட்டு வாங்க வேண்டும்.

பழைய இயந்திர பம்பைப் ‘பார்வைக்கு அழகு’ என்று குழாயோடு அப்படியே விட்டுவைக்கிற பழக்கம் ஒன்று இருக்கிறது. அதன் டயஃப்ரம் கிழிந்தால், பின்னாலிருந்து தள்ளப்படும் பெட்ரோல் நேராக எஞ்சின் ஆயிலில் போய்க் கலக்கும். குழாயைக் கழற்றி அதைத் தனிமைப்படுத்த வேண்டும். அல்லது பம்பையே எடுத்துவிட்டு, அந்தத் துளையைத் தகடும் கேஸ்கெட்டும் வைத்து மூட வேண்டும். மோரிஸ் போன்ற பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பேட்டரியின் நேர்முனையை பாடியோடு எர்த் செய்திருப்பார்கள். வயரைக் கொடுக்குமுன் அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது அந்த அடக்கத்துக்கு வருவோம். இயந்திர பம்ப், எஞ்சின் நின்றால் நின்றுவிடும். மின்சாரப் பம்புக்கு அது தெரியாது. வண்டி மோதிக் கவிழ்ந்து, குழாய் அறுந்து, ஓட்டுநர் மயங்கிக் கிடந்தாலும், சாவி ஆனில் இருக்கும்வரை அது தள்ளிக்கொண்டே இருக்கும். இதைத் தடுக்க, ஆயில் அழுத்தம் இருந்தால் மட்டும் மின்சாரம் விடும் சுவிட்ச் ஒன்றை ரிலேயோடு சேர்த்து வைக்கலாம். இக்னிஷன் துடிப்பு நின்றதும் பம்பை நிறுத்தும் ரிலேயும் உண்டு. மோதலின் அதிர்ச்சியில் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சும் உண்டு. ஃபியூஸ் சொல்லாமலே இருக்க வேண்டும். பம்ப், குழாய், ஃபில்டர் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து வாங்கிவிட்டு இந்தச் சுவிட்சில் மிச்சம் பிடிக்கிறவர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. இதை வைக்காதவர் ஈரத்துணியோடு இருந்துவிடுவதே மேல்.

எத்தனால் வந்தபின் இந்தச் சிக்கல் கூடியிருக்கிறது. 2025-இல் நாட்டின் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் என்ற அளவை எட்டிவிட்டோம். எத்தனால் தனியாக 78 டிகிரியில்தான் கொதிக்கும். பெட்ரோலின் லேசான பகுதிகளோடு ஒப்பிட்டால் மந்தமானது. ஆனாலும் பெட்ரோலில் கலந்தால் மொத்தக் கலவையின் ஆவியழுத்தம் ஏறுகிறது. தனித்த எத்தனாலில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோத்துப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பெட்ரோலின் நடுவே சிதறும்போது கோக்கக் கை கிடைக்காமல் எளிதாகத் தப்பி ஆவியாகின்றன. பத்து விழுக்காட்டை ஒட்டி இந்த ஏற்றம் உச்சத்தில் இருக்கும். இருபதில் சற்றே குறைந்தாலும் கலக்காத பெட்ரோலைவிட அதிகம்தான். பழைய ரப்பர் குழாய்களும் டயஃப்ரங்களும் எத்தனாலில் ஊறி இளகும் என்பதால், பம்ப் மாற்றும்போது எத்தனாலைத் தாங்கும் குழாயையும் சேர்த்து மாற்றுவதே புத்திசாலித்தனம். நாட்டின் பெட்ரோல் தரக் குறியீட்டில் ஆவியடைப்புக்கென்றே ஓர் அளவுகோல் இருக்கிறது. கோடை மாதங்களுக்கு அதன் உச்சவரம்பு தனியாகக் குறைத்து வைக்கப்பட்டிருக்கிறது.

பின்னால் வைத்த பம்பு ஒன்றை மட்டும் தீர்க்காது. 3 பிஎஸ்ஐ அழுத்தம் பெட்ரோலின் கொதிநிலையை ஐந்தாறு டிகிரிதான் உயர்த்தும். பெரிய லாபம், உறிஞ்சும் இடத்தைச் சூட்டிலிருந்து அப்புறப்படுத்தியதில்தான். அந்த அழுத்தமும் நீடில் வால்வோடு முடிந்துவிடும். அதற்கப்பால் கார்புரேட்டர் கிண்ணம் வெளிக்காற்றுக்குத் திறந்தே இருக்கிறது. அணைத்த எஞ்சினின் சூட்டில் அங்கே பெட்ரோல் கொதித்தால், பாதி ஆவியாகிப் போகும், பாதி எஞ்சினுக்குள் வழிந்துவிடும். கிண்ணம் காய்ந்துபோனதுதான் பிரச்சினை என்றால் மின்சாரப் பம்ப் நன்றாகவே உதவும்: சாவியைத் திருப்பிச் சில விநாடி பொறுத்தால் அதுவே நிரப்பிவிடும், செல்ஃபை அடித்துப் பேட்டரியைக் கொல்ல வேண்டாம். வழிந்ததுதான் பிரச்சினை என்றால், பானட்டைத் தூக்கியதும் பெட்ரோல் வாடை மூக்கைத் துளைக்கும். அப்போது ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடித்து, தேங்கியதைக் காற்றோடு வெளியேற்ற வேண்டும். நிரந்தரத் தீர்வுக்கு, கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே வெப்பம் கடத்தாத பேக்லைட் அடிக்கட்டை ஒன்றும், எக்ஸாஸ்ட் பக்கம் ஒரு தகடு மறைப்பும் போதும். பம்புக்குச் செலவழிக்குமுன் இந்த வாடையை முகர்ந்து பார்த்துவிடுவது நல்லது.